கல்லடி வீட்டுக்கு ஒரு கிரேட் டேன் வரப்போகிறது, குணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கல்லடிவாசி (திங்கள், இரவு 8.10)

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் இருக்கிற என் அண்ணாவின் கூட்டாளி குடும்பத்தோடு கனடாவுக்குப் போகிறார். அவர் வளர்த்த கிரேட் டேன் நாயை எங்களிடம் தரலாமா என்று கேட்கிறார். ஆண், வயது 14 மாதம், இப்போதே 58 கிலோ. மண்ணிறம், முகம் மட்டும் கறுப்பு. பெயர் புரூனோ.

வீடு மட்டக்களப்பு கல்லடியில். இருபது பேர்ச் வளவு, சுற்றி நாலரை அடி மதில். நான், மனைவி, நாலு வயது மகள், மாமி என்று நாலு பேர். மாமிக்கு 71 வயது. முழங்கால் வருத்தம், பொல்லு ஊன்றித்தான் நடப்பார். வீடு மாமி என் மனைவிக்குக் கொடுத்த சீதன வீடு. அவருடைய சம்மதம் இல்லாமல் வளவுக்குள் ஒரு கோழிக்குஞ்சுகூட நான் கொண்டுவர மாட்டேன். பகலில் நாங்கள் இருவரும் வேலைக்குப் போனபிறகு மாமியும் பிள்ளையும்தான் வீட்டில்.

சின்ன வயதிலிருந்தே ஊர் நாய் வளர்த்திருக்கிறேன். இவ்வளவு பெரிய சாதி நாயோடு பழக்கமே இல்லை. படத்தைப் பார்த்து மகள் "குதிரை" என்கிறாள். பிள்ளையோடு விடலாமா? காவலுக்கு ஆகுமா? பகலில் முன்பக்கம் கட்டிப்போட்டு வளர்க்கலாமா? வளர்த்தவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வாவிமகள் (திங்கள், இரவு 9.35)

தம்பி, எங்கள் வீட்டில் ஒரு டேன் ஏழரை வருடம் இருந்தான். கறுப்பு. பெயரை எழுத இன்னும் மனம் வரவில்லை, அதனால் "அவன்" என்றே எழுதுகிறேன்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். கட்டிப்போட்டு வளர்க்க முடியாது. இது வாசலில் கிடக்கிற நாய் இல்லை, வீட்டுக்குள் ஆட்களோடு ஆளாகக் கிடக்கிற நாய். முன்பக்கம் சங்கிலியில் கட்டி, நாளுக்கு ஒருதரம் சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விட்டால், ஒன்றில் நாள் முழுக்கக் கத்தும், இல்லாவிட்டால் சுருண்டு படுத்துச் சாப்பாட்டை விட்டுவிடும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டில் இல்லை, தெரிந்த ஓரிடத்தில். அந்த நாயின் கண்ணை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

குணத்தைச் சொல்வதென்றால், சாய்வதிலிருந்து தொடங்க வேண்டும். நீங்கள் குசினியில் நின்று பால் காய்ச்சிக்கொண்டிருப்பீர்கள். சத்தமே இல்லாமல் வந்து விலாவை உங்கள் தொடையோடு ஒட்டி, மெல்ல மெல்லப் பாரத்தை விடும். ஒரு காலை அகட்டி ஊன்றாவிட்டால் நீங்கள் நகர்ந்துபோய் அலுமாரியில் முட்டுவீர்கள். அது விளையாட்டும் இல்லை, அதிகாரமும் இல்லை. "நான் இங்கேதான் நிற்கிறேன்" என்று சொல்வது, அவ்வளவுதான். கதிரையில் ஆள் இருந்தால் பின்பக்கத்தை மடியில் வைத்து, முன்னங்காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு மனிசரைப்போல உட்காரும். அறைக்கு அறை பின்னால் வரும். கிணற்றடிக்குப் போனாலும் வரும்.

குரல் ஏறினால் தாங்காது. ஒருநாள் பாடம் படிக்காமல் இருந்த என் மகனைத்தான் ஏசினேன். இவன் எழும்பிப் போய்ச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டான். அன்றிரவு சாப்பாட்டைத் தொடவில்லை. அடித்துப் பழக்க நினைக்கிற ஆட்கள் இந்த நாயை எடுக்கவே கூடாது. அடிபட்டு வளர்ந்த டேன் பயந்த டேன் ஆகும். 60 கிலோவில் ஒரு பயந்த நாய் எவ்வளவு ஆபத்து என்று நீங்களே யோசியுங்கள்.

பிள்ளை விசயம். வேண்டுமென்று ஒன்றும் செய்யாது. ஆனால் 14 மாதத்தில் உடம்பு வளர்ந்துவிட்டது, புத்தி இன்னும் குட்டிதான். இரண்டரை, மூன்று வயதில்தான் நிதானம் வரும். அதன் வால் உங்கள் மகளின் முகத்துக்கு நேரே ஆடும், கொஞ்சமும் மெதுவாக ஆடாது. எங்கள் விறாந்தைச் சுவரில் ஒருநாள் இடுப்புயரத்துக்கு வரிசையாக இரத்தப் புள்ளி. பதறிப்போய்த் தேடினால், நான் வேலையால் வந்த சந்தோசத்தில் வாலைச் சுவரில் அடித்து நுனி வெடித்திருக்கிறது. அது ஆற ஒரு மாதம் எடுத்தது, கட்டுப்போட்டால் போட்ட கையோடு கழற்றிவிடுவான்.

மாமிதான் எனக்கு யோசனை. கடித்துவிடும் என்பதற்காக இல்லை. அவர் எழும்புகிற நேரம் பின்னால் நின்று திரும்பினாலே போதும், விழுந்துவிடுவார். அந்த வயதில் இடுப்பு முறிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே "பாயில் இரு" என்பதைப் பழக்குங்கள். மாமி எழும்பினால் அது பாய்க்குப் போக வேண்டும். வேறு ஒன்றும் பழக்காவிட்டாலும் இதைப் பழக்குங்கள்.

பாய் என்றதும் இன்னொன்று. வெறும் சீமெந்துத் தரையில் படுத்தால் முழங்கை தேய்ந்து தடிக்கும், நீர் கட்டும். தும்பு மெத்தை ஒன்று போடுங்கள், ஆள் படுக்கிற அளவில்.

படுவான்கரையான் (திங்கள், இரவு 10.05)

நல்ல விளக்கம் அக்கா. நானும் ஒன்று கேட்கிறேன். எங்களுக்கு வயல் படுவான்கரையில். போகத்துக்குப் போகம் காட்டுப்பன்றி வந்து வரம்போடு சேர்த்துக் கிண்டிவிட்டுப் போகிறது. யானைப் பயம் வேறு. கிரேட் டேன் பன்றி வேட்டைக்கு வளர்த்த சாதி என்று ஒரு காணொளியில் பார்த்தேன். வயற்காவல் வாடியில் ஒரு சோடி வைத்தால் பன்றி கிட்ட வருமா?

செங்கலடி மாஸ்டர் (செவ்வாய், காலை 6.20)

தம்பி பார்த்தது பழைய கதை, ஆனால் பொய் இல்லை. பேர்தான் டேன், டென்மார்க்குக்கும் இதற்கும் பெரிய தொடர்பு கிடையாது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் "பெரிய டேனிஷ் நாய்" என்று எழுதிவைத்தார், ஆங்கிலத்தில் அந்தப் பெயரே நின்றுவிட்டது. வளர்த்து உருவாக்கியவர்கள் ஜெர்மானியர். அவர்கள் "டொய்ச்ச டொக்க" என்கிறார்கள். 1888இல் பெர்லினில் இதற்கென்றே சங்கமும் அமைத்தார்கள்.

மாஸ்டிஃப் போன்ற தடித்த நாயையும் கிரேஹவுண்ட் போன்ற ஓட்ட நாயையும் கலந்து காட்டுப்பன்றி வேட்டைக்கு உருவாக்கினார்கள் என்பது உண்மை. நாய் பன்றியைப் பிடித்து நிறுத்தும், வேட்டைக்காரன் ஈட்டியால் குத்துவான். பன்றி காதைக் கிழித்துவிடும் என்றுதான் காதை வெட்டி நிமிர்த்துகிற வழக்கமே வந்தது. இப்போது பல ஐரோப்பிய நாடுகளில் அப்படி வெட்டுவதற்குத் தடை. தொங்குகிற காதுதான் அந்த முகத்துக்கு அழகு என்பது என் எண்ணம்.

ஆனால் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. பிரபுக்கள் தங்களுக்குப் பிடித்த நாய்களை வேட்டைக்கு விடாமல் படுக்கையறையில் வைத்துக்கொண்டார்கள், இரவில் கொலைகாரன் வந்தால் காப்பதற்கு. அவற்றுக்கு "அறை நாய்" என்றே பெயர் இருந்தது. பிறகு வந்த ஒரு நூற்றாண்டுக்கும் மேலான வளர்ப்பில் பன்றியைப் பிடிக்கிற மூர்க்கத்தைக் குறைத்துக் குறைத்து, ஆளோடு ஒட்டிக் கிடக்கிற குணத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். வாவிமகள் அக்கா சொல்கிற நாய் அந்த அறை நாயின் வாரிசுதான். அதை வாடியில் கொண்டுபோய் விடுவது அதன் குணத்துக்கு நேர் எதிர்.

படுவான்கரையான் (செவ்வாய், மதியம் 12.40)

மாஸ்டர், கோபிக்க வேண்டாம். நாய் நாய்தான். பழக்கினால் எதுவும் பழகும். எங்கள் வாடியில் செம்மறை என்று ஒரு நாய் இருக்கிறது, ஊர்ச்சாதி, 15 கிலோ வராது. யானை அரைக் கட்டை (அரை மைல்) தூரத்தில் வரும்போதே குரல் மாறும். அந்தக் குரலை வைத்தே அப்பா எழும்பிப் பந்தத்தைக் கொளுத்துவார். 15 கிலோ இவ்வளவு செய்யுமென்றால் 60 கிலோ என்ன செய்யாது என்றுதான் கேட்கிறேன்.

வாவிமகள் (செவ்வாய், இரவு 8.15)

உங்கள் செம்மறை செய்கிற வேலையை டேனால் செய்ய முடியாது தம்பி, நீங்கள் எழுதியதிலேயே காரணம் இருக்கிறது. அது தூரத்திலேயே மணம் பிடித்து, குரல் கொடுத்து, நெருங்காமல் நிற்கிறது. அதனால்தான் உயிரோடும் இருக்கிறது. டேன் வீணாகக் குரைக்காது, குரைக்கிற நேரம் பொருள் முன்னால் வந்துவிட்டிருக்கும். குறுக்கே போய் நிற்கும். யானைக்கு முன்னால் குறுக்கே போய் நின்றால் என்ன நடக்கும்? பன்றிக்கு வைக்கிற வெடியைக் கவ்வினால்? அதோடு உண்ணி. வயற்கரை உண்ணிக் காய்ச்சலுக்கு ஊர்நாய் ஓரளவு பழகியிருக்கும், இது படுத்துவிடும். ஒரு சோடிக்கு நீங்கள் போடுகிற சாப்பாட்டுச் செலவில் வேலிக்கு மின்கம்பியே இழுத்துவிடலாம்.

படுவான்கரையான் (செவ்வாய், இரவு 8.50)

குறுக்கே போய் நிற்கும் என்பதைப் படித்த பிறகு எனக்கு அந்த ஆசை போய்விட்டது அக்கா. செம்மறையே போதும். அதன் குட்டி இரண்டு இருக்கிறது, யாருக்காவது தேவையென்றால் எழுதுங்கள்.

திருக்கோவில் கடலோரம் (புதன், காலை 10.15)

சாம்பலில் கறுப்புப் புள்ளி விழுந்த டேன் குட்டி எங்கே கிடைக்கும்? அந்த நிறத்தில் ஒரு சோடி எடுத்தால் குட்டி போட்டு விற்கலாம் என்று யோசனை.

பேராதனை மாணவி (புதன், மதியம் 1.30)

தயவுசெய்து அந்தச் சோடியைச் சேர்க்க வேண்டாம். அந்த நிறத்தை மெர்ல் என்பார்கள். தாயும் தகப்பனும் மெர்ல் என்றால் சராசரியாகக் குட்டிகளில் நாலில் ஒன்று இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த மரபணுவை வாங்கிக்கொண்டு பெரும்பாலும் வெள்ளையாகப் பிறக்கும். அவற்றில் பல காது கேளாமலோ கண் தெரியாமலோ, சில இரண்டும் இல்லாமலோ இருக்கும். அந்தக் குட்டிகளை யாரும் வாங்கமாட்டார்கள். அவற்றை என்ன செய்வீர்கள் என்பதற்குப் பதில் இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

கல்லடிவாசி அண்ணாவுக்கு வருகிறேன். நான் கால்நடை மருத்துவம் படிக்கிறேன், சொந்த ஊர் களுவாஞ்சிகுடி. குணத்தைப் பற்றி அக்கா எழுதியதற்கு மேல் எழுத எனக்கு அனுபவம் இல்லை. உடம்பைப் பற்றி நாலு விசயம் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சாதியில் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது.

வயிறுதான் முதல் பயம். நெஞ்சுக்கூடு ஆழமான நாய்களுக்கு வயிறு காற்றால் ஊதி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். இந்த ஆபத்து மிகவும் கூடிய இனம் கிரேட் டேன்தான். முறுக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்றுவிடும், சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் சில மணித்தியாலத்தில் உயிர் போய்விடும். அடையாளம் இதுதான்: வாந்தி எடுக்கப் பார்க்கும், ஒன்றும் வராது. எச்சில் வடியும். இருக்கவும் மாட்டாது, படுக்கவும் மாட்டாது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்க்கும். விலாவுக்குப் பின்னால் தட்டினால் மேளம்போல இருக்கும். இதைக் கண்டால் விடியட்டும் என்று இருக்கக்கூடாது.

தடுப்பதற்கு, ஒரே வேளையில் கொட்டி வைக்காமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். அவசரமாக விழுங்குகிற நாய் என்றால் சாப்பாட்டை அகலமான தட்டில் பரப்பி வையுங்கள். சாப்பிட்ட கையோடு ஓடவிட வேண்டாம். முன்பு எல்லோரும் தட்டை உயரத்தில் வைக்கச் சொன்னார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பெரிய சாதி நாய்களுக்கு உயர்த்தி வைத்த தட்டு ஆபத்தைக் கூட்டுவதாகத்தான் தெரிந்தது. தரையில் வைப்பதே நல்லது. எல்லாவற்றையும்விட நிச்சயமான வழி, முன்கூட்டியே வயிற்றை உட்பக்கச் சுவரோடு தைத்துவிடுகிற சத்திரசிகிச்சை. விதை எடுக்கிற நேரத்திலேயே சேர்த்துச் செய்துவிடலாம். அதன்பிறகு வயிறு ஊதினாலும் முறுக்குவது அரிது.

இரண்டாவது, பெரிய நாய்தானே என்று கல்சியம் பவுடர் போட வேண்டாம். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். கல்சியம் கூடிப்போனால் எலும்பு வளர்ச்சி குழம்பும். வளர்கிற காலத்தில் கொழுக்க வைக்காமல் மெலிவாக வைப்பதுதான் மூட்டுக்கு நல்லது. 18 மாதம் ஆகும்வரை உயரத்திலிருந்து குதிக்கவும் வாகனத்துக்குப் பின்னால் ஓடவும் விட வேண்டாம்.

வீட்டுச் சாப்பாடு கொடுக்கலாம், ஆனால் குழம்பு ஊற்றிய சோறு வேண்டாம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. முள்ளெடுத்த மீன், இறைச்சி, சோறு, பூசணி என்று வெறுமனே அவித்துக் கொடுங்கள். வேகவைத்த கோழி எலும்பு கூடவே கூடாது.

வாவிமகள் (புதன், இரவு 11.20)

தங்கச்சி எழுதியதை மூன்று தரம் படித்தேன். உயரத் தட்டு பற்றி எழுதியதை.

நாங்கள் உயரத் தட்டுத்தான் வைத்தோம். குனிந்து சாப்பிட்டால் கழுத்து வலிக்கும் என்று சொன்னார்கள், என் கணவர் தேக்கில் ஒரு சின்ன மேசையே செய்துவைத்தார். அதனால்தான் நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, எனக்குத் தெரியும். ஆனாலும் மேசை இன்னும் பின் விறாந்தையில்தான் இருக்கிறது, இன்று அதைப் பார்க்க முடியவில்லை.

அன்று இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டான். பத்து மணிக்கு வந்து என் கட்டிலடியில் நின்றான், படுக்கவில்லை. ஓங்காளித்தான், நுரை மட்டும் வந்தது. புல்லுத் தின்றிருப்பான் என்று நினைத்தேன். அந்த ஒரு மணித்தியாலத்தை நான்தான் விட்டேன். பிறகு ஊரில் ஒரு வைத்தியரைப் பிடித்தோம். அவர் ஊசி குத்திக் காற்றை எடுத்துவிட்டு, இங்கே வெட்டிச் செய்ய வசதியில்லை, பேராதனை மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள் என்றார். வான் பிடித்துச் செங்கலடி, கரடியனாறு என்று போனோம். முழு வழியும் தலை என் மடியில். மகாஓயா வர முதலே போய்விட்டான். கடைசிவரை என் கையை நக்கிக்கொண்டுதான் இருந்தான்.

தம்பி, அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்யுங்கள். வேறு எதைப் பின்போட்டாலும் அதைப் பின்போடாதீர்கள்.

பேராதனை மாணவி (வியாழன், காலை 5.50)

அக்கா, வயிறு முறுக்கிக்கொள்வதற்குக் காரணம் ஒன்று மட்டும் இல்லை. வயது, பரம்பரை, நெஞ்சின் அமைப்பு, சாப்பிடுகிற வேகம், பயந்த சுபாவம் எல்லாம் சேரும். அந்தக் காலத்தில் வைத்தியர்களே உயரத் தட்டைத்தான் சொன்னார்கள். நீங்கள் இங்கே எழுதியதால் இனி வாசிக்கிற ஒருவர் அந்த ஒரு மணித்தியாலத்தை விடமாட்டார்.

அக்கரைப்பற்று நானா (வியாழன், மாலை 4.30)

அயலவர் பக்கத்திலிருந்து ஒரு சொல். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெரிய நாய் வளர்த்தார்கள். டேன் இல்லை, ஜெர்மன் ஷெப்பர்ட். நல்ல நாய். ஆனால் விடியற்காலைச் சுபஹ் தொழுகைக்கு நாங்கள் போகிற நேரத்தில்தான் அவர் அதை நடக்கக் கூட்டிப்போவார். நாயின் எச்சில் உடுப்பில் பட்டால் எங்களுக்குக் கழுவித் துப்புரவாக்கிவிட்டுத்தான் தொழலாம். வயதான ஆட்கள் பள்ளிக்குப் போகாமல் பாதியில் திரும்பி வீட்டுக்குப் போனதும் உண்டு. சண்டை ஒன்றும் பிடிக்கவில்லை, போய்ச் சொன்னோம். அவருக்கு அது தெரியவே தெரியாது. அடுத்த நாளிலிருந்து அரை மணித்தியாலம் பிந்திப் போனார், முடிந்தது.

கல்லடிக்கும் காத்தான்குடிக்கும் எவ்வளவு தூரம்? நாலு பேரும் கலந்து போகிற தெரு. உங்கள் நாய் சாதுவாக இருக்கலாம், எதிரே வருகிற ஆளுக்கு அது தெரியாது. உயரத்தைக் கண்டதும் நெஞ்சு அடைத்துவிடும். அதனால் ஆள் வரும்போது நாயை ஓரம்கட்டி இருத்திவிட்டு, நீங்கள் நடுவில் நில்லுங்கள். விசர்நாய் ஊசி போட்ட அட்டையைக் கையில் வைத்திருங்கள். வருவதற்கு முதலே அயல்வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிடுங்கள். சொல்லிவிட்டு வளர்க்கிற நாயை யாரும் வெறுக்கமாட்டார்கள்.

காரைதீவு அக்கா (வியாழன், இரவு 7.45)

நானா சொன்னது பொன்னான வார்த்தை. என் கவலை வெக்கை. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் எங்களுக்கே நா வறண்டு போகிறது. இந்த நாய் தாங்குமா? அதோடு ஏழெட்டு வருடம்தான் வாழும் என்கிறார்கள். பிள்ளை அதோடு வளர்ந்து, பத்துப் பன்னிரண்டு வயதில் பறிகொடுக்க வேண்டுமே. அதையும் யோசித்துத்தான் கேட்கிறேன்.

பேராதனை மாணவி (வியாழன், இரவு 9.00)

மயிர் குட்டை என்பதால், மயிர் அடர்ந்த செயின்ட் பெர்னார்ட் நாய் அளவுக்குக் கஷ்டப்படாது. செயின்ட் பெர்னார்டை மட்டக்களப்பில் வளர்ப்பதே பாவம் என்பேன். ஆனாலும் உடம்பு பெரிது, சூடு வெளியேற நேரமெடுக்கும். நாய்க்கு எங்களைப்போல வியர்த்துக் கொட்டாது, இளைத்துத்தான் சூட்டை விடும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் காற்றே ஈரமாக இருக்கிறபோது இளைப்பும் சரியாக வேலை செய்யாது. காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின் நடை. பகலில் மின்விசிறியும் நிழலும் தண்ணீரும். நாக்கு அகன்று கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்றுப் பிடிக்க வைத்துவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

ஆயுளைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஏழிலிருந்து பத்து. இதய வீக்கம், எலும்புப் புற்றுநோய் இரண்டும் இந்தச் சாதியில் கூட. உலகத்திலேயே உயரமான நாய் என்று கின்னஸில் பதிந்த சீயஸ் ஒரு டேன்தான், அமெரிக்காவின் மிச்சிகனில் இருந்தது. தோள் உயரம் 111.8 சென்ரிமீற்றர். 2014இல் செத்தபோது ஆறு வயதுகூட ஆகவில்லை.

செங்கலடி மாஸ்டர் (வியாழன், இரவு 9.40)

டேன் ஆட்களை எவ்வளவு தேடும் என்பதற்கு ஒரு உண்மைக் கதை. தென்னாபிரிக்காவில் சைமன்ஸ் டவுன் என்ற துறைமுகத்தில் ஒரு டேன் இருந்தது. கடற்படைக்காரருக்குப் பின்னாலேயே திரியும், அவர்களோடு ரயிலேறி ஊருக்கும் போய்வரும். டிக்கட் இல்லை என்று ரயில்வேக்காரர் இறக்கிவிட்டு இறக்கிவிட்டு அலுத்துப்போனார்கள். கடைசியில் 1939இல் பிரித்தானியக் கடற்படை அதை முறைப்படி மாலுமியாகவே சேர்த்துக்கொண்டது. பெயர் ஜஸ்ட் நியூசன்ஸ். 1944இல் இறந்தபோது கடற்படை மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அந்த ஊரில் அதற்குச் சிலையும் உண்டு. வீடு எது, முதலாளி யார் என்பதைவிட, கூட்டத்தோடு இருப்பதுதான் அதற்கு வேண்டியிருந்தது.

கல்லடிவாசி (ஞாயிறு, இரவு 9.15)

எல்லோருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிவையும் மனைவிக்கும் மாமிக்கும் வாசித்துக் காட்டினேன். வாவிமகள் அக்காவின் மூன்றாவது பதிவை வாசிக்கும்போது மாமி கண்ணைத் துடைத்தார்.

நேற்றுக் கொழும்புக்குப் போய்ப் புரூனோவைப் பார்த்தேன். வாசலில் குரைக்கவில்லை. வந்து மணந்தான், ஒரு சுற்றுச் சுற்றினான், பிறகு அக்கா சொன்ன அதே மாதிரி என் காலில் சாய்ந்தான். நான் உண்மையாகவே பின்னால் இரண்டடி நகர்ந்தேன். கண்ணுக்குக் கீழே தோல் கொஞ்சம் தொங்கி, எந்நேரமும் எதையோ யோசிக்கிற முகம். தலையைத் தடவினால் என் உள்ளங்கை அவன் நெற்றியை மூடப் போதவில்லை. முழங்கை இரண்டும் தடித்துக் கறுத்திருக்கிறது, டைல்ஸ் தரையில் படுத்ததால் என்றார்கள். வீட்டில் பெட்டி கட்டுவதைப் பார்த்துவிட்டு இரண்டு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

மாமியின் தீர்ப்பு இது: "வீட்டுக்குள்ள வச்சிருக்கிறதெண்டால் கொண்டு வாங்க. வெளியில கட்டுறதெண்டால் வேண்டாம்." கட்டலாமா என்று கேட்டவன் நான், அதனால் அவருடைய முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

மதிலை ஆறடிக்கு உயர்த்த மேசனைப் பேசிவிட்டேன். இரண்டு பக்கத்து அயலுக்கும் எதிர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட்டேன். எதிர் வீட்டு ஐயா ஊசி அட்டையைக் காட்டச் சொன்னார், காட்டுவேன். தும்பு மெத்தைக்கும் சொல்லியாகிவிட்டது.

கல்லடிவாசி (ஐந்து கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, மாலை 6.30)

புரூனோ வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. முதல் மூன்று நாள் கேற்றடியில் போய்ப் படுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். மகள் தன் சின்னக் கதிரையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நாலாம் நாள் கதிரையை உள்ளே எடுத்தாள், அவனும் பின்னால் வந்துவிட்டான். இருவரையும் தனியே விடுவதில்லை.

பிசகும் நடந்தது. மறைக்கவில்லை. இரண்டாவது கிழமை இடியோடு மழை. பயத்தில் எழும்பி ஓடிவந்து மாமியின் கட்டிலில் ஏற, கட்டில் சட்டம் முறிந்துவிட்டது. மாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு நித்திரை இல்லை. இப்போது மழை இருட்டினால் மனைவி அவனை நடு அறைக்குக் கூட்டிப்போய் மின்விசிறியைப் போட்டுப் பக்கத்தில் இருப்பாள். "பாயில் இரு" பத்துக்கு எட்டுத் தரம் கேட்கிறான். மாமி பொல்லை எடுத்த சத்தம் கேட்டாலே எழும்பிப் பாய்க்குப் போகிறான், அதை நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாகப் பிடித்துக்கொண்டது. மாமி பின்னேரம் விறாந்தைக் கதிரையில் இருந்து தேவாரம் படிப்பார். கதிரைக் கையில் தாடையை வைத்துக்கொண்டு முடியும்வரை நிற்பான்.

சத்திரசிகிச்சைக்கு வருகிற புதன்கிழமை நாள் தந்திருக்கிறார்கள். செவ்வாய் விடிய வெளிக்கிடுகிறோம், செங்கலடி வழியாகத்தான்.

வாவிமகள் (ஞாயிறு, இரவு 7.05)

தேக்கு மேசையை இன்று எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்துப் பூச்சாடி அடுக்கிவிட்டேன் தம்பி. மாமியின் தேவாரத்தை வாசித்தபிறகு.

வெக்கைக்கு முன்னம் வெளிக்கிடுங்கள். கரடியனாறு தாண்டினால் கடை குறைவு, தண்ணீர் கொண்டுபோங்கள். மகாஓயா தாண்டியதும் ஒரு வரி எழுதுவீர்களா?

கல்லடிவாசி (செவ்வாய், காலை 7.20)

மகாஓயா தாண்டிவிட்டோம் அக்கா. பின் சீட் முழுக்க அவன்தான். தலை மனைவியின் மடியில், நித்திரை.